கலா மதினி பார்க்காத படம்

அன்பு மாறாத என் கலா மதினிக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது. சுகம்தான். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. அண்ணன் கடைக்குப் போய் வருகிறான். எனக்கு ஹார்பர் ஆபீஸில் அதே நாற்காலி, அதே கப்பல் பேப்பர்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. நீங்கள் பாதியில் விட்டுப்போன படத்தைக் கழுவிப் பார்த்துவிட்டோம்.

இதைக் கடிதமாக எழுதச் சொன்னது ரேவதி, உங்கள் சென்னைச் சிநேகிதி. உங்களைப் போலக் கதையில்லாத படம் எடுப்பவர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். "கட்டுரையெல்லாம் வேண்டாம் செல்வி, நீ அவங்ககிட்ட பேசுற மாதிரியே எழுதிக்கொடு" என்றாள். ஆகவே இதை உங்களைத் தவிர மற்றவர்களும் படிப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்னமோ படம் புடிக்குமே அந்தப் பிள்ளை, கல்யாண வீடியோவா?" அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பந்தலில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எங்கிருந்து தொடங்குவது? திருச்செந்தூரில் உங்கள் அப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவிலிருந்தா? மொட்டை போட்ட பிள்ளைகளையும் காவடி எடுத்தவர்களையும் படம் பிடித்து, உள்ளறையில் கழுவி, ஈரத்தோடு கொடுத்த அந்தக் கடையில் நீங்கள் வளர்ந்த கதையையா? யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சூப்பர் எட்டு கேமராவை, உள்ளங்கைக்கு ஒரு சுற்றுப் பெரிதான அந்தச் சினிமாக் கேமராவை, நீங்கள் கல்யாணச் சேலைகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்ததையா?

பெயின்ட் கடைக்காரன் பெண்டாட்டி இப்படி இருப்பாள் என்று மில்லர்புரத்தில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு நீங்கள் பிலிம் கழுவக் குளியலறைக்குள் போய்ச் சாத்திக்கொள்வீர்கள். வெளிச்சம் வராமல் கதவிடுக்கில் கம்பளியைத் திணிக்க என்னைக் கூப்பிடுவீர்கள். கல்யாணம் வேண்டாமென்று வீட்டோடு இருந்துவிட்ட நாத்தனாரிடம் மற்ற மதினிமார் எப்படி இருப்பார்களோ எனக்குத் தெரியாது. நீங்கள் வந்த கொஞ்ச நாளிலேயே என் கையில் ஒரு வாளியைக் கொடுத்து, "இத அசைக்காம புடி" என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் ஆள்.

உங்கள் படங்களைப் பார்க்காதவர்களுக்காக இரண்டைச் சொல்கிறேன். திருச்செந்தூர் ரோட்டு உப்பளத்தில், பாத்தித் தண்ணீருக்குள் பிலிம் சுருளைப் போட்டு வைத்தீர்கள். அதன் மேல் உப்பு பூத்த பிறகு எடுத்துக் காயவைத்து அப்படியே ஓட்டினீர்கள். சுவர் முழுக்க வெள்ளைக் கட்டிகள் முளைத்து முளைத்து உடைந்தன. அது முதல் படம். இன்னொன்றில் ஒரே ஒரு முத்துச்சிப்பி. அதன் உள்பக்கத்தை வெயிலில் திருப்பித் திருப்பி, அவ்வளவு கிட்டத்தில் போய் எடுத்திருந்தீர்கள். விடிகிற கடலைப் பார்ப்பது போல இருக்கும். கடைசிவரை சிப்பி என்று தெரியாது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, ஆள் இல்லை.

ஒரு காலேஜ் ஹாலில் அதைக் காட்டினோமே. முன்வரிசையில் இருந்த அண்ணாச்சி ஒருவர் எழுந்து வந்து, "எம்மா, மெஷின்ல என்னமோ கோளாறு போலிருக்கு, பாருங்க" என்று அக்கறையாகச் சொன்னார். "கோளாறு இல்ல அண்ணாச்சி, இதுதான் படம்" என்றீர்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். படியேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் இந்த ஊரில் உங்கள் படம் எதுவும் ஓடவில்லை.

வெளிநாட்டில் ஒரு சின்ன விழாவுக்கு உப்புப் படத்தைக் கேட்டார்கள். உங்களையும் வரச் சொன்னார்கள். அம்மாவின் கண் ஆபரேஷனும் அதே நேரத்தில் வந்தது. "படம் போயிட்டு வரட்டும் செல்வி, நான் எதுக்கு?" என்று சொல்லி பார்சலை மட்டும் அனுப்பினீர்கள். அங்கே பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ரேவதி போனில் சொல்லச் சொல்ல, நீங்கள் அடுக்களையில் நின்று அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்தைக் குலுக்கிக்கொண்டிருந்தீர்கள். போயிருக்க வேண்டும் மதினி. எப்படியாவது போயிருக்க வேண்டும். அம்மாவை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

இனி கடைசிப் படத்துக்கு வருகிறேன்.

அம்மா காலையில் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தலைசீவுவாள். ஒருநாள் நீங்கள் எதிரே ஸ்டாண்டில் கேமராவை வைத்தீர்கள். நிற்கும் இடம் மாறாமல் இருக்கத் தரையில் அண்ணன் கடைப் பெயின்டால் மூன்று புள்ளி வைத்தீர்கள்.

"என்னளா இது, நான் தல சீவுததப் போயி எடுத்துக்கிட்டு?" என்றாள் அம்மா.

"நீங்க பாட்டுக்குச் சீவுங்க அத்தை. ஒரு சொடக்குதான்."

உண்மையிலேயே ஒரு சொடக்குதான். பட்டனை ஒரு தரம் அமுக்கினால் ஒரே ஒரு கட்டம் பதிவாகும். ஒரு காலைக்கு இரண்டோ மூன்றோ கட்டம். அதோடு கேமராவை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிடுவீர்கள். மறுநாள் மறுபடியும். மூன்று நிமிஷத்துச் சொச்சம் ஓடக்கூடிய ஒரு பிலிம் பெட்டியை இப்படி வருஷக்கணக்காக நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். அம்மாவும் நீங்களும் பேசாத நாட்கள் இருந்தன. குழந்தை இல்லை என்ற பேச்சை யாராவது விருந்தாளி கிளப்பிவிட்டுப் போன மறுநாள் அப்படித்தான் இருக்கும். அப்போதும் அம்மா நாற்காலியில் வந்து உட்காருவாள், நீங்கள் கேமராவோடு வருவீர்கள். சொடக்கு. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் அவரவர் வேலைக்குப் போவீர்கள்.

"இதுவரைக்கும் எடுத்தத ஒரு தடவ கழுவிப் பாப்பமா மதினி?" என்று நான் கேட்காத மாதம் இல்லை. "பெட்டி நெறையட்டும்" என்பீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைக் கட்டி என்றும், பரவிவிட்டது என்றும் சொன்ன பிறகும் கேட்டேன். அப்போதும் "இன்னும் எடம் இருக்கு செல்வி" என்றுதான் சொன்னீர்கள். இடம் இருந்தது உண்மைதான். அத்தனை காலை எடுத்தும் அதில் ஒரு கட்டத்தைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. இதை நினைக்காமல் எனக்கு ஒருநாளும் போவதில்லை.

கடைசித் தடவையாக மதுரைக்குப் போனீர்கள். திரும்பி வந்தது வேறு மாதிரி. அதை நான் எழுதப் போவதில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். உங்கள் அறையில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திறந்திருந்தது. மடியில் உங்கள் கேமரா, அதன் பக்கவாட்டுக் கதவும் திறந்திருந்தது. வெயில் நேராக அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் மூடினேன்.

"கெட்டுப்போச்சா?" என்றான்.

"அது வெளிச்சம் படக்கூடாதுண்ணே."

"அவ கடைசியா என்ன பாத்தான்னு பாக்கணும்போல இருந்திச்சு. தொறந்தா ஒண்ணுமே தெரியல, கருப்பா ஒரு பெட்டிதான் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கேமராவைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. தூசி தட்டக்கூட உங்களைத்தான் கூப்பிடுவான். அவனை என்ன சொல்வது? "பெட்டிக்குள்ள இருக்கறது ஒண்ணும் ஆகாது. கடைசியில ஒண்ணு ரெண்டு கட்டம் போயிருக்கும், அவ்வளவுதான்" என்றேன். உண்மையும் அதுதான். அந்தக் கடைசிக் கட்டங்களில் என்ன இருந்தது என்று அப்போது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கேமராவை உங்கள் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது. அம்மா முற்றத்தில் தலைசீவுவதை நிறுத்தி, அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். நாற்காலி முற்றத்திலேயே கிடந்து வெயிலில் நிறம் வெளுத்தது.

ரேவதி போன் செய்த பிறகுதான் பீரோவைத் திறந்தேன். தூத்துக்குடியிலேயே உங்கள் படங்களைக் காட்ட ஏற்பாடு செய்யலாம், முடியாத படம் ஏதாவது இருந்தால் அதையும் காட்டலாம் என்றாள். சென்னைக்கு அனுப்பினால் அங்கே கழுவித் தருவார்கள் என்றும் சொன்னாள். அண்ணனிடம் கேட்டேன். "வீட்ல வச்சே செய்யி. நானும் வாரேன்" என்றான்.

உங்கள் பொடிகளைக் கரைத்து வாளிகளில் வைத்தேன். கதவிடுக்கில் கம்பளியைத் திணித்தேன். உள்ளே நேரம் பார்க்க வழி இல்லை, போன் வெளிச்சம்கூட ஆகாது. அதனால் போனை அம்மா கையில் கொடுத்துக் கதவுக்கு வெளியே உட்காரவைத்தோம். மணி அடித்ததும் அவள் கதவைத் தட்ட வேண்டும். அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த திருப்புளியால் இருட்டிலேயே பெட்டியை நெம்பி உடைத்தான். பிலிம் அவன் கையில் சரசரவென்று அவிழ்ந்தது. ஒன்றோடொன்று ஒட்டாமல் வாளிக்குள் அளைந்துகொண்டே இருக்கச் சொன்னேன்.

அந்த இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது.

"செல்வி, அவ இதுக்குள்ள இருக்கும்போது நான் வெளியே நின்னு கதவத் தட்டுவேன். சோறு எடுத்து வைக்க ஆளு இல்லியான்னு கேப்பேன்."

"தெரியும்ணே."

"உள்ள வந்து பாக்கவான்னு ஒரு நாளும் கேக்கல."

அம்மா கதவைத் தட்டினாள். அடுத்த வாளிக்கு மாற்றினோம்.

கொடியில் காயப்போட்டபோது அம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். "என் முடியெல்லாம் வந்திருக்கா?" என்றாள். வந்திருந்தது. தொடக்கத்தில் கொஞ்சம் மங்கல். இந்த ஊர்ச் சூட்டில் அத்தனை வருஷம் கிடந்ததற்கு அவ்வளவாவது வந்ததே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்துச் சுவரில் ஓட்டினோம். நீங்கள் எப்போதும் செய்வது போலப் பிரதி எடுக்காமல், கழுவின சுருளையே போட்டேன். கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் தெரியும். அது அம்மாவுக்குப் பழக்கம்தான். முன்பெல்லாம் "பேய் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. மதினி, நீங்கள் இதை எதிர்பார்த்தீர்களா? கருப்பு முடியோடு தொடங்கிய அம்மா சுவரில் வெள்ளை முடியோடு வந்தாள். வருஷம் போகப் போக அவளுக்கு நரைக்க, சுவரில் முடி கருத்துக்கொண்டே வந்தது. சீப்பு படபடவென்று மேலும் கீழும் பறந்தது. பின்னால் இருந்த முருங்கை வளர்ந்தது, முறிந்தது, மறுபடி துளிர்த்தது.

"இது மழ பெஞ்ச அன்னைக்கு" என்றாள் அம்மா. "இது கண்ணு ஆபரேசன் முடிஞ்சு, கண்ணாடி போட்டிருக்கேன் பாரு. இது நானும் அவளும் சண்ட போட்ட வாரம், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கேன்." கண்மூடித் திறப்பதற்குள் ஓடிப்போகும் கட்டங்களில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அண்ணன் அம்மாவையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இனி அவ வருவா பாரு."

"யாரும்மா?"

"கலாதான். கடைசியா மதுரைக்குப் போற அன்னைக்கு நான்தான் அமுக்கினேன். நீயும் ஒருநா உக்காருளா, நான் எடுக்குதேன்னு சொன்னேன்."

சுவர் ஒரு நொடி இருண்டது. பிறகு வெறும் வெள்ளை. படம் பிடிக்காமல் மிச்சமிருந்த பிலிம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுருள் முடிந்து வால் டப் டப்பென்று அடிக்கிறவரை பார்த்தாள்.

"எங்க அவ?" என்றாள்.

நான் மெஷினை நிறுத்தினேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அந்த எடத்துல வெளிச்சம் பட்டுட்டும்மா. வெளிச்சம் பட்டா இப்படி இருட்டாயிரும்" என்றேன்.

"பெட்டிக்குள்ள வெளிச்சம் எப்படிப் படும்?"

அண்ணன்தான் பதில் சொன்னான். "நான்தாம்மா தொறந்தேன்."

அம்மா அவனைப் பார்த்தாள். "எதுக்குய்யா தொறந்த?"

"அவ உள்ள இருக்காளான்னு பாக்கத்தான்."

அம்மா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "இருந்தாய்யா" என்றாள். "அதுக்குள்ளதான் இருந்தா."

உங்களுக்கு அவன் அழுது பார்த்த நினைவு இருக்கிறதா? எனக்கு இல்லை. பந்தலில்கூட அழவில்லை. அன்றைக்குக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் முன்னாலும் முகத்தை மறைக்காமல் அழுதான்.

அந்தக் காலையைப் பற்றி அம்மாவிடம் அப்புறம் கேட்டோம். கார் வாசலில் நின்றதாம். நானும் அண்ணனும் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தோமாம். நீங்கள் அம்மாவின் சீப்பை வாங்கி உங்கள் தலையை வாரிக்கொண்டீர்களாம். மருந்தில் கொட்டியது போக மிச்சமிருந்த முடி. "சிரிக்கல. நேரா என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நான் நாலஞ்சு தடவ அமுக்கிட்டேன், எங்கன விட்டுப்போயிருமோன்னு" என்றாள். எங்களிடம் சொல்லாததற்கு அம்மாவிடம் காரணம் இருந்தது. கழுவும்போது நாங்களே பார்ப்போம், அப்போது எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம்.

இத்தனை வருஷம் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவர் நீங்கள். கல்யாண ஆல்பம் தவிர உங்கள் படமென்று வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஆதார் கார்டில் இருப்பதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம். அதில் நீங்கள் யாரையோ கோபித்துக்கொண்டது போல இருக்கிறீர்கள். உங்களை உட்காரவைத்து எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் தோன்றியிருக்கிறது. அதுவும் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் என் ஆபீஸுக்குப் போன் செய்தான். "ஏளா, கடைக்கு வா" என்றான். போனபோது கல்லாவில் ஆள் இல்லை. பின்னால் டின்கள் அடுக்கியிருக்கும் அறையில், பிலிமின் கடைசித் துண்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, டின்னில் பொடி எழுத்துப் படிக்கிற பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் கொடுத்தான்.

கட்டம் கட்டமாக அம்மா. அம்மா. அம்மா. அதன் பிறகு தனியாக ஒரு நாற்காலி. நாற்காலியின் ஓரத்தில், கட்டத்துக்குள் நுழைகிற ஒரு சேலை முந்தி. அதற்கடுத்து எல்லாம் கருப்பு. நீங்கள் வந்து உட்காருவதற்குள் அம்மா அவசரப்பட்டு ஒரு தடவை அமுக்கியிருக்கிறாள். வெளிச்சம் அந்தக் கட்டத்தின் பாதிவரை வந்து நின்றிருக்கிறது.

"அந்தக் கட்டம் போட்ட சேலைதான்" என்றான். "நான் எடுத்துக் கொடுத்தது. நல்லா இல்லன்னு சொன்னா. ஆனா அன்னைக்கு அதத்தான் உடுத்தியிருக்கா."

ரேவதி வந்து பார்த்தாள். அவளும் கண் கலங்கினாள். அப்புறம் படம் காட்டுகிறவளாக யோசித்தாள். அந்த ஒரு கட்டத்தை நிறுத்திக் கொஞ்ச நேரம் காட்டலாம், அதோடு படத்தை முடித்துவிட்டு வெள்ளையை வெட்டிவிடலாம், அப்போதுதான் வந்தவர்களுக்கு விஷயம் போய்ச் சேரும் என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படிச் செய்தால் என்ன என்றுதான் தோன்றியது. நாங்களாவது உங்களைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்துக்கொள்ளலாமே. முடிவைச் சொல்லட்டும் என்று அண்ணனைப் பார்த்தேன். அவன்தான் நிறுத்தச் சொல்வான் என்று நினைத்தேன்.

"அவ எதையாவது நிறுத்திக் காட்டியிருக்காளா?" என்று கேட்டான்.

"இல்லண்ணே" என்றாள் ரேவதி.

"அப்போ ஓடட்டும். வெள்ளையும் ஓடட்டும். அவ எடம் இருக்குன்னுதான சொன்னா. அது அவ எடம்தான்."

போன வாரம் காட்டினோம். கடைக்குப் பக்கத்திலிருக்கும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைக் கேட்டு வாங்கினான் அண்ணன். மேஜைகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டினோம். பெயின்டர்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், என் ஆபீஸ் ஆட்கள் கொஞ்சம் பேர். உப்பளத்தில் உங்களுக்குப் பாத்தி கொடுத்த முத்துமாரி அக்கா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உப்புப் படம் ஓடும்போது அவள் மட்டும் சத்தமாக, "இது கோடையில வெளஞ்சது" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளிடம் குனிந்து என்னவோ கேட்டுக்கொண்டார்கள். சிலர் எழுந்து போனார்கள். பலர் இருந்தார்கள்.

கடைசியாக அம்மா படம். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். முடிவு நெருங்கும்போது அண்ணன் எழுந்து நின்றான். நாற்காலியும் முந்தியும் வந்தன, போயின. எனக்குத் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன், எங்கே வரும் என்று தெரிந்திருந்ததால். ஹாலில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. இருட்டு வந்தது, பிறகு வெள்ளை.

அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருடைய முகமும் தெரிந்தது. கையில் பெயின்ட் காய்ந்துபோன ஒரு பெரியவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்றார்.

"இல்ல, இருக்கு" என்றான் அண்ணன்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளை ஓடி முடிகிறவரை அவர்கள் உங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள் மதினி. காலேஜ் ஹாலில் ஒவ்வொருவராக எழுந்து போனார்களே, அந்த நாளில் இது நடந்திருக்கக் கூடாதா? என்ன சொல்லி என்ன? நடந்தபோது நீங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம், "நாளையிலிருந்து உன்னைய மறுபடி எடுக்கட்டுமாம்மா?" என்று அண்ணன் கேட்டான். அம்மா வேண்டாம் என்றாள். "என்னைய எடுத்தது போதும்யா. எடுத்தவ போயிட்டா. நீங்க ரெண்டு பேரும் எங்கனயாவது வெளியே போயி, ஒங்களுக்குப் புடிச்சத எடுங்க."

பிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் நீங்கள் வைத்துவிட்டுப் போன புதுப் பிலிம் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அண்ணனும் ஹார்பர் பீச்சுக்குப் போகிறோம். எதை எடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. அண்ணன் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்கிறான். எனக்குக் கரித்தூசி படிந்த அந்த நீண்ட மதில்மேல் ஒரு கண். நன்றாக வராது. நீங்கள் இருந்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்காகச் சொல்கிறேன். எடுத்ததை அன்றைக்கே கழுவிவிடுவோம். பாதிப் பெட்டிதான் ஓடியிருக்கிறது என்றாலும் கழுவிவிடுவோம். காய்ந்ததும் கூடத்துச் சுவரில் போட்டு, மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். இனி இந்த வீட்டில் யாரையும், தான் எடுத்ததைப் பார்க்காமல் போக விடமாட்டேன்.

என்றைக்கும் உங்கள் ஆளாகவே இருக்கிற,
உங்கள் நாத்தனார்
செல்வி
மில்லர்புரம், தூத்துக்குடி